சமவெளிக்காரர்களுக்கு எந்த மலை? நெடுந்தூர சைக்கிள் பயணமும் ஏற்றப் பயிற்சியும்

பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்ற சைக்கிள் பயணம் பிரான்சில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. நீளம் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். 90 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். வழியில் ஏறும் ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் 11,000 மீட்டரைத் தாண்டும். எவரெஸ்டின் உயரத்தைவிட அது அதிகம். ஆனால் அந்தப் பாதையின் மிக உயர்ந்த இடம்கூடக் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டரை எட்டுவதில்லை. நம் ஏற்காட்டின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத நிலப்பரப்பு அது. ஐம்பது மீட்டர், எண்பது மீட்டர் என்று சிறு மேடுகள் நூற்றுக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். மலை என்று பெயர் சொல்லிக் காட்ட ஒன்றும் இருக்காது. கால்கள் மட்டும் ஓய்ந்துபோகும்.

2019இல் இந்தியாவிலிருந்து பெருந்திரளாகப் பலர் அந்தப் பயணத்துக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோரால் உரிய நேரத்துக்குள் திரும்ப முடியவில்லை. இரவுக் குளிர், பிரெஸ்ட் நோக்கிப் போகும்போது முகத்தில் அடித்த எதிர்காற்று, தூக்கமின்மை, பழகாத உணவு என்று காரணங்கள் பல சொல்லப்பட்டன. எல்லாம் உண்மையே. ஆனால் அடிப்படையான காரணம் வேறு என்று நான் கருதுகிறேன். நாம் நெடுந்தூரத்தைப் பழகியது நான்குவழிச் சாலைகளின் சமதளத்தில். ஏற்றத்தைப் பழகியதோ ஆண்டுக்கு ஓரிரு முறை ஏதோ ஒரு மலைவாசஸ்தலத்துக்குப் போய் வந்ததில். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் அலையலையான நிலத்தை நாம் பழகவே இல்லை.

ஆகவே கேள்வி இது: சென்னையிலோ மதுரையிலோ திருச்சியிலோ வாழும் ஒருவர் 200 முதல் 1,200 கிலோமீட்டர் வரையிலான பயணங்களுக்குத் தயாராகும்போது, ஏற்றத்தை எங்கே, எவ்வளவு, எப்படிப் பழக வேண்டும்?

கடிகாரம் சொல்லும் கணக்கு

இவ்வகைப் பயணங்களை நம் ஊர் ஓட்டிகள் ‘பிரெவே’ என்கிறார்கள். 1904இல் தொடங்கப்பட்ட ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற சங்கம் வகுத்த விதிகளே உலகெங்கும் பின்பற்றப்படுகின்றன. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300க்கு 20 மணி, 400க்கு 27 மணி, 600க்கு 40 மணி. ஒரே பருவத்தில் இந்த நான்கையும் முடித்தவரை ‘சூப்பர் ரேண்டனர்’ என்பார்கள். இது போட்டி அல்ல. முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே மரியாதை. வழியில் வெளி உதவி கூடாது, பஞ்சரானால் தானே ஒட்டிக்கொள்ள வேண்டும், சாப்பாட்டையும் தானே தேடிக்கொள்ள வேண்டும்.

சாப்பாடு, தூக்கம், பஞ்சர் எல்லாவற்றையும் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர் என்ற சராசரி இருந்தால் 600 கிலோமீட்டர் வரையிலான எந்தப் பிரெவேயையும் முடித்துவிடலாம். கேட்பதற்கு இது எளிது. ஏற்றம் வந்தால் இந்தச் சராசரி உடைந்துவிடும் என்ற பயம் புதியவர்களுக்கு உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பயத்தில் பாதி தேவையற்றது.

ஏற்காடு அளவிலான ஒரு மலையை எடுத்துக்கொள்வோம்: 20 கிலோமீட்டர் நீளம், 1,100 மீட்டர் ஏற்றம். ஒரு மணி நேரத்தில் 600 மீட்டர் உயரம் ஏறும் சராசரி ஓட்டி மேலே போய்ச்சேர 110 நிமிடம் ஆகும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாக இறங்கினால் 40 நிமிடம். ஆக, 40 கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரம், சராசரி 16. விதி கேட்கும் வேகத்துக்கு மேலேதான் இருக்கிறார். மணிக்கு 450 மீட்டர் மட்டுமே ஏறும் மெதுவான ஓட்டிகூட அந்த மலையில் இழப்பது அரைமணி நேரத்துக்கும் குறைவு. இரண்டு டீக்கடைகளில் வெறுமனே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் இழக்கும் நேரம் அது.

ஏற்றம் கடிகாரத்திலிருந்து எடுப்பது கொஞ்சம். கால்களிலிருந்து எடுப்பதுதான் அதிகம். 70ஆவது கிலோமீட்டரில் மலையேறியவர் 150ஆவது கிலோமீட்டரில் சமதளத்தில் மிதிக்க முடியாமல் நிற்பதைப் பிரெவேக்களில் பார்க்கலாம். அவரைத் தோற்கடித்தது அந்த ஏற்றம் அல்ல, அதை அவர் ஏறிய விதம்.

ஏற்றத்தின் விலை

ஓட்டியும் சைக்கிளும் பையும் தண்ணீரும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 600 மீட்டர் உயரம் ஏற, புவியீர்ப்பை எதிர்ப்பதற்கு மட்டும் சுமார் 140 வாட் ஆற்றல் வேண்டும். டயரின் உராய்வும் காற்றும் சேர்ந்தால் 155 வாட் அளவுக்கு வரும். இதே ஆள் காற்றில்லாத சமதளத்தில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகச் செலவிடுவது ஏறத்தாழ 110 வாட். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் சமதளத்தில் அவ்வப்போது மிதிப்பதை நிறுத்தி உருண்டு போகலாம். ஏற்றத்தில் மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிளும் நின்றுவிடும். இரண்டு மணி நேரம் ஓய்வே இல்லாத வேலை என்பதுதான் ஏற்றத்தின் தனித்தன்மை.

அதே மலையில் அவர் சுமார் 195 வாட் போட்டு வேகமாக ஏறினால் என்ன கிடைக்கும்? மணிக்கு 750 மீட்டர் ஏறுவார். 110 நிமிடத்துக்குப் பதில் 88 நிமிடம். மிச்சம் 22 நிமிடம். அதற்கு அவர் கொடுக்கும் விலை, தசையில் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை. உடல் மெதுவாக உழைக்கும்போது கொழுப்பிலிருந்து பெரும்பங்கு ஆற்றலை எடுத்துக்கொள்ளும். உழைப்பு கூடக் கூடச் சர்க்கரையின் பங்கு ஏறும். கொழுப்பு எல்லோரிடமும் பல நாள் பயணத்துக்குப் போதுமான அளவு இருக்கிறது. சர்க்கரைச் சேமிப்போ கடுமையாக உழைத்தால் ஓரிரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். 22 நிமிடத்தை மிச்சம் பிடித்தவர் மாலையில் இரண்டு மணி நேரத்தை இழப்பது இப்படித்தான்.

அடுத்தது கியர். மேலே சொன்ன மலையின் சராசரிச் சரிவு ஐந்தரை விழுக்காடு. அதில் மணிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, முன்னால் 34 பல்லும் பின்னால் 28 பல்லும் உள்ள ரோடு சைக்கிளில் நிமிடத்துக்கு 70 முறை பெடலைச் சுற்ற வேண்டும். அது உடலுக்கு ஏற்ற சுற்று. நம் தாத்தாக்கள் ஓட்டிய, 44க்கு 18 பல் கொண்ட கறுப்பு சைக்கிளில் அதே வேகத்துக்கு 34 சுற்றுதான் வரும்; ஒவ்வொரு மிதிக்கும் எழுந்து நின்று உடல் எடை முழுவதையும் போட வேண்டியிருக்கும். சரிவு 10 விழுக்காடாக மாறினால் புது சைக்கிளுக்கும் இதே கதி: அதே ஆற்றலில் வேகம் மணிக்கு 6 கிலோமீட்டர், சுற்று 40க்கும் கீழே. மூட்டுவலியோடு திரும்பும் பலருக்குப் பிரச்சினை காலில் இல்லை, பின்பக்கப் பற்சக்கரத்தில் இருக்கிறது. 32 அல்லது 34 பல் உள்ள கேசட்டை மாட்டிக்கொள்வதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

எது கடுமையான சரிவு என்பதற்கு நம்மிடமே ஓர் அளவுகோல் உண்டு. மேட்டுப்பாளையம்–உதகை மலை ரயில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பல் பதித்த தண்டவாளத்தைக் கவ்வி ஏறுகிறது. அங்கே அதன் உச்சச் சரிவு 8.33 விழுக்காடு. இரும்புச் சக்கரம் பல்லின் துணையில்லாமல் ஏற முடியாத அந்தச் சரிவை, தமிழ்நாட்டின் பல மலைச்சாலைகளின் கொண்டை ஊசி வளைவுகளில் சைக்கிள் ஓட்டிகள் கடந்து போகிறார்கள்.

ஒரு மனிதரும் ஒரு மலையும்

வீட்டுக்குப் பக்கத்து மலையில் திரும்பத் திரும்ப ஏறிக் கற்பது புதிய உத்தி அல்ல. பிரான்சின் செந்-எத்தியேன் நகரில் பால் த விவி என்றொருவர் வாழ்ந்தார். வேலோசியோ என்ற புனைபெயரில் ‘லெ சிக்லீஸ்த்’ என்ற இதழை நடத்தினார். அந்நகரை ஒட்டி எழும் கோல் த லா ரெபுப்ளிக் என்ற 1,161 மீட்டர் உயரக் கணவாயில், தன் வாழ்நாளின் பெரும்பகுதியில் அவர் ஏறிக்கொண்டே இருந்தார். எந்தப் பல்லுக்கு எந்தப் பல் பொருந்தும், சரிவு மாறும்போது கியரை எப்படி மாற்றுவது, எதைச் சாப்பிட்டால் நெடுந்தூரம் தாங்கும் என்பதையெல்லாம் அவர் சோதித்த கூடம் அந்த மலைதான். 1903இல் நடந்த முதல் டூர் த பிரான்ஸ் போட்டியும் அந்தக் கணவாயைக் கடந்து சென்றது.

டூர் போட்டியை நடத்திய ஆன்றி தெக்ரான்ஜ் கியர் மாற்றும் கருவியை ஏற்கவில்லை. தசையின் வலிமையால் மட்டுமே மலையை வெல்ல வேண்டும் என்பது அவர் நிலை. டூரில் தொழில்முறை வீரர்களுக்கு டெரைலர் என்ற அந்தக் கருவி அனுமதிக்கப்பட்டது 1937இல்தான். வேலோசியோவோ அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, சாதாரண மனிதனும் மலையேறிப் பயணம் போக வேண்டுமென்றால் கியர் வேண்டும் என்று எழுதினார். இந்த வாதத்தில் வரலாறு வேலோசியோவின் பக்கம் நின்றது. 1930இல் டிராம் மோதி அவர் இறந்தார். அவர் நினைவாக அந்தக் கணவாயில் ஆண்டுதோறும் ஓட்டிகள் கூடுவது வழக்கமாயிற்று.

இதில் நமக்கு வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. அவர் தேர்ந்தெடுத்தது ஆல்ப்ஸ் அல்ல. காலையில் ஏறிவிட்டு வேலைக்குத் திரும்பிவிடக்கூடிய மலை. பக்கத்தில் இருப்பதால் மறுபடி மறுபடி ஏற முடிந்தது. மறுபடி மறுபடி ஏறியதால் நேற்றைய ஏற்றத்தோடு இன்றையதை ஒப்பிட முடிந்தது.

நம் மலைப்பாதைகள்

தமிழ்நாட்டில் சைக்கிளில் ஏறத் தகுந்த மலைச்சாலைகள் ஏராளம். கொண்டை ஊசி வளைவுகளின் எண்ணிக்கையை வைத்தே அவற்றை ஓட்டிகள் குறிப்பிடுகிறார்கள்: ஏலகிரிக்கு 14, ஏற்காட்டுக்கு 20, வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. வளைவின் எண்ணிக்கை பெருமை பேச உதவும். பயிற்சிக்கு வேண்டியது சரிவு, தூரம், போக்குவரத்து, நம் வீட்டிலிருந்து உள்ள தொலைவு ஆகிய நான்கு செய்திகள்.

நெடுந்தூரக்காரர்களுக்கு மிகப் பொருத்தமான பெரிய மலை என்று நான் சொல்வது வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் போகும் சாலை. 2,100 மீட்டர் உயரத்துக்கு ஏறினாலும் பாதை ஐம்பது கிலோமீட்டர் அளவுக்கு நீண்டு கிடப்பதால் சராசரிச் சரிவு 4 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. வேகமாக ஏறும் ஆசையை அடக்கிக்கொண்டு, நான்கு மணி நேரம் ஒரே சீராக மிதித்து, ஏறிக்கொண்டே சாப்பிடவும் குடிக்கவும் பழக இதைவிட நல்ல பாதை இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பிரியும் இரு சாலைகளும் இன்னும் சற்றுச் செங்குத்தானவை. குன்னூர் சாலையில் பேருந்தும் காரும் நெரியும். கோத்தகிரி சாலை ஒப்பளவில் அமைதியானது. கோடை சீசனில் ஒன்றை ஏறவும் மற்றொன்றை இறங்கவும் என ஒருவழியாக்குவதுண்டு, அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

ஏற்காடு சேலத்துக்காரர்களுக்குக் கிடைத்த வரம். ஊரை ஒட்டியே அடிவாரம். விடியலில் ஏறிக் காலைச் சிற்றுண்டிக்கு வீடு திரும்பலாம். குப்பனூர் வழியாக இறங்கினால் வட்டப்பாதையும் கிடைக்கும். ஏலகிரி, சென்னைக்காரர்களும் பெங்களூருக்காரர்களும் சந்திக்கும் இடம். ஏற்றம் குறுகியது, சாலை நல்லது, ஒரே நாளில் மூன்று நான்கு முறை ஏறி இறங்க வசதியானது. காரவள்ளியிலிருந்து எழும் கொல்லிமலைச் சாலை வேறு வகை. வளைவுகள் மூச்சுவிடும் இடைவெளி இல்லாமல் அடுத்தடுத்து வரும். ஒவ்வொரு வளைவின் உட்புறமும் செங்குத்து. வளைவுக்குள் நுழையும்போது வெளி ஓரமாகப் போய்ச் சரிவைக் குறைத்துக்கொள்ளும் கலையை அங்கே கற்கலாம். ஆனால் எதிரே வரும் வண்டி தெரியாத வளைவில் அந்தக் கலையைக் காட்டக் கூடாது.

வால்பாறைச் சாலையின் அழகுக்கு ஈடு கிடையாது. ஆழியாறு அணை கீழே விரிய, வரையாடுகள் சாலையோரச் சுவரில் நிற்பதைப் பார்த்தபடி ஏறலாம். யானையும் உண்டு என்பதால் விடியலுக்கு முன்பும் மாலைக்குப் பின்பும் அங்கே இருக்கக் கூடாது. பண்ணாரியிலிருந்து 27 வளைவுகளோடு திம்பத்துக்கு ஏறும் சாலை புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. சரக்கு லாரிகள் வளைவுகளில் திணறி நிற்கும். அதைப் பயிற்சிக்களமாக நான் யாருக்கும் சொல்லமாட்டேன். சைக்கிள்காரர்களிடையே பெரும்புகழ் பெற்றது மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிச் சாலை. 36 வளைவுகள். 2008இல் தொடங்கிய ‘டூர் ஆஃப் நீலகிரிஸ்’ பயணத்தால் அதன் பெயர் நாடெங்கும் பரவியது. இறங்கும் வண்டிகள் பிரேக் பிடிக்காமல் கவிழ்ந்த விபத்துகளாலும் பெயர் கெட்ட சாலை அது. வாழ்வில் ஒருமுறை ஏறிப்பார்க்கலாம். அங்கே சரிவு பல இடங்களில் 10 விழுக்காட்டைத் தாண்டுவதால், நெடுந்தூரப் பயணத்துக்குத் தேவையான நிதானத்தை அது கற்றுத்தராது. பிழைத்து மேலே போவதை மட்டுமே கற்றுத்தரும்.

இப்படி ஒவ்வொன்றையும் எடைபோட்டால் ஒன்று தெளிவாகிறது. பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பாதையில் கிலோமீட்டருக்குச் சராசரியாகப் பத்து மீட்டர் ஏற்றம். அது போன்ற நிலம் இந்த மலைகளில் இல்லை. அது இருப்பது ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் போகும் சாலைகளில், கோவையிலிருந்து ஆனைகட்டி போகும் பாதையில், ஜவ்வாது மலையின் அடிவாரங்களில். பெயரில்லாத இந்த மேடுகளை ஓட்டிகள் கடந்துபோகும் இடமாகவே நினைக்கிறார்கள். நெடுந்தூரத்துக்கான உண்மையான பள்ளிக்கூடம் இவைதான்.

சிறு மேடு செய்யும் கேடு

சிறு மேட்டில் மனம் ஏமாந்துவிடுகிறது. நீண்ட மலையின் அடிவாரத்தில் எல்லோரும் தானாகவே நிதானிப்பார்கள். முன்னால் இரண்டு மணி நேரம் இருக்கிறது என்று தெரியும். ஐம்பது மீட்டர் மேடு கண்ணுக்கு முன்னால் முடிந்துவிடுவதால், எழுந்து நின்று இரண்டு நிமிடம் ஓங்கி மிதித்துத் தாண்டிவிடத் தோன்றும். அந்த இரண்டு நிமிடமும் 300 வாட் போகும். ஒருமுறை செய்தால் உடல் பொறுத்துக்கொள்ளும். அத்தகைய மேடுகள் இருநூறு வரும் பாதையில், ஒவ்வொன்றிலும் அப்படிச் செய்பவருக்கு இரண்டாம் இரவில் காலே எழாது.

ஆகவே சிறு மேட்டில் பழக வேண்டியது வேகத்தை அல்ல, அடக்கத்தை. மேடு தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்து, உட்கார்ந்தபடியே, மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற அளவில் ஏறி, உச்சியில் நிற்காமல் இறக்கத்தின் வேகத்தை அடுத்த மேட்டுக்குக் கொண்டுபோவது. வாட் கணக்கைக் காட்டும் பவர் மீட்டர் இருந்தால் எண் சொல்லும். இல்லாதவர்களுக்கு இந்தப் பேச்சுச் சோதனை போதும். இது காலங்காலமாகப் பயிற்சியாளர்கள் நம்பும் சோதனை.

மேடே இல்லாத ஊரில் என்ன செய்வது? சென்னையில் பரங்கிமலை இருக்கிறது, சுமார் 300 அடி உயரம். கோவைக்கு மருதமலை, மதுரைக்கு அழகர்கோவில் மலைப்பாதை, சற்றுத் தள்ளித் திண்டுக்கல்லை ஒட்டி 18 வளைவுகளோடு சிறுமலை. கோவில் மலைகளில் வண்டிகளுக்கான நேரக் கட்டுப்பாடுகளை மதித்து, பக்தர்களுக்கு இடையூறில்லாத விடியல் வேளையில் போவது நல்லது. குன்று சிறிதென்று யாரும் குறைவாக நினைக்க வேண்டாம். எவரெஸ்டில் ஏற முயன்ற ஜார்ஜ் மாலரியின் பேரன், அதே பெயர் கொண்டவர், 1994இல் ஆஸ்திரேலியாவின் டோனா புவாங் மலையில் சைக்கிளில் திரும்பத் திரும்ப ஏறி எவரெஸ்டின் 8,848 மீட்டரை எட்டினார். அதிலிருந்து பிறந்ததுதான் இன்று உலகெங்கும் நடக்கும் ‘எவரெஸ்டிங்’. ஒரே மேட்டில், தூங்காமல், 8,848 மீட்டர் ஏறி முடிக்க வேண்டும். நூறு மீட்டர் மேடாக இருந்தால் 89 முறை. அந்த எல்லைக்கு யாரும் போக வேண்டியதில்லை. ஆனால் உயரம் சேர்வதற்கு உயர்ந்த மலை தேவையில்லை என்பதை அது நிறுவிவிட்டது.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு மலையும் உண்டு, அது காற்று. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஓட்டிக்குக் காற்றில்லாத நாளில் அறுபது வாட் சொச்சம் போதும். 15 கிலோமீட்டர் எதிர்காற்று வீசினால் அதே வேகத்துக்கு 145 வாட் வேண்டும். ஏறத்தாழ ஏற்காட்டில் ஏறும் உழைப்பு! கிழக்குக் கடற்கரைச் சாலையில் முற்பகலுக்குப் பின் கடற்காற்று எழும்போது முனகிக்கொண்டே வீடு திரும்புகிறவர்கள், அதைப் பயிற்சியாகவே எடுத்துக்கொள்ளலாம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பாயும் காற்றை எதிர்த்து உடுமலையிலிருந்து கோவை நோக்கி ஓட்டுகிறவருக்கும், ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே ஓட்டுகிறவருக்கும் மலையே தேவையில்லை. ஏற்றத்தைப் போலவே காற்றும் மிதிப்பதை நிறுத்த விடாது. குனிந்த நிலையில் நெடுநேரம் இருக்க முதுகையும் கழுத்தையும் பழக்கிவிடும் என்பது மலை தராத கூடுதல் நன்மை.

எவ்வளவு, எந்த வேகத்தில்?

இங்கேதான் பயிற்சியாளர்கள் பிரிகிறார்கள். மெதுவாக, நெடுநேரம் ஓட்டுவதே அடித்தளம் என்பது ஒரு கட்சி. ஸ்டீபன் சைலர் என்ற ஆய்வாளர் உயர்மட்ட வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்து, அவர்களின் பயிற்சியில் ஐந்தில் நான்கு பங்கு இலகுவானது என்று காட்டினார். இந்தக் கட்சிக்கு அது பெரிய பலம். இன்னொரு கட்சி கேட்பது: வாரத்துக்கு இருபது மணி நேரம் ஓட்டும் வீரனின் விகிதம், வேலைக்குப் போய்விட்டு வாரம் ஏழெட்டு மணி நேரம் ஓட்டுபவருக்கு எப்படிப் பொருந்தும்? நேரம் குறைந்தவர்கள், ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் எல்லைக்குச் சற்றுக் கீழே, பத்து இருபது நிமிடத் துண்டுகளாகக் கடினமாக உழைக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். இரண்டாவது வாதத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஆகவே என் பரிந்துரை: வார நாள் ஒன்றில் பக்கத்து மேட்டில் பத்து நிமிட ஏற்றம் மூன்று அல்லது நான்கு. வார இறுதியில் அலையலையான பாதையில் ஐந்தாறு மணி நேரம், முழுக்கப் பேச்சுச் சோதனைக்குள். பெரிய மலை மாதம் ஒருமுறை போதும்.

கனத்த கியரில், மெதுவான சுற்றில் ஏறினால் கால் வலுப்படும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆய்வுகள் இதில் ஒருமுகமாக இல்லை. நாற்பது வயதைத் தாண்டியவர்கள், பிரெவேக்களில் அவர்கள்தான் அதிகம், மூட்டைப் பணயம் வைத்து இதைச் செய்ய வேண்டாம் என்பேன்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் ஏற்றங்களில் வேகம் குறைவதால் உடலைக் குளிர்விக்கும் காற்று நின்றுபோகிறது. ஒரே உழைப்புக்கு இதயத் துடிப்பு நிமிடத்துக்கு நிமிடம் ஏறும். அப்போது துடிப்பைப் பார்த்து வேகத்தைக் குறைக்க வேண்டும். தண்ணீரோடு உப்பும் போக வேண்டும். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பது ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து ஆபத்தில் கொண்டுபோய் விடும். மோரும் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும் நம் சாலைகளில் எங்கும் கிடைக்கின்றன. மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்பது பொதுவான இலக்கு. வாழைப்பழமும் கடலை மிட்டாயும் வெளிநாட்டு ஜெல் பொட்டலங்களுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. ஆனால் ஏறும்போது மூச்சு வாங்கிக்கொண்டு கடலை மிட்டாயை மெல்ல முடியாது. அதை அடிவாரத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

இறக்கம்

ஏற்றத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். இறக்கத்தை யாரும் பயிற்சியாகவே எண்ணுவதில்லை. ஆனால் சைக்கிள்காரர்கள் மலையில் உயிரிழப்பது பெரும்பாலும் ஏறும்போது அல்ல.

85 கிலோ எடை 1,100 மீட்டர் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் 900 கிலோஜூலுக்கு மேல். அதில் ஒரு பகுதியைக் காற்றும் டயரின் உராய்வும் உறிஞ்சும். மீதி முழுவதும் பிரேக்கில் வெப்பமாக மாறும். பயத்தில் பிரேக்கை விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்குவதுதான் மிகத் தவறான முறை. ரிம் பிரேக் உள்ள சைக்கிளில் ரிம் கொதித்து டியூப் வெடிக்கும், டிஸ்க் பிரேக்கில் பேட் பளபளப்பேறிப் பிடிமானம் போகும். நேர்ப்பாதையில், வளைவுக்கு முன்பாகவே, இரு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். பிடித்து விட்டு, பிடித்து விட்டு வந்தால் இடைவெளியில் ரிம் ஆறிக்கொள்ளும். வளைவில் வெளிப்பக்கப் பெடல் கீழே, எடை அதன் மேல், பார்வை வளைவு முடியும் இடத்தில். எதிரே ஏறிவரும் பேருந்து வளைவின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை. சரளைக் கல், ஈர இலை, குரங்கு, பழுதான லாரிக்கு முட்டுக்கொடுத்து அப்படியே விட்டுப்போன கருங்கல் இவை நான்கும் எந்த வளைவுக்குப் பின்னும் இருக்கலாம்.

உச்சியில் வியர்வையோடு நிற்பவர் இறங்கத் தொடங்கியதும் நடுங்குவார், விரல் விறைத்தால் பிரேக் பிடிக்காது. ஐரோப்பிய வீரர்கள் கணவாயின் உச்சியில் சட்டைக்குள் செய்தித்தாளைச் செருகிக்கொண்டு இறங்குவார்கள். உதகையிலும் கொடைக்கானலிலும் மார்கழிக் காலையில் இறங்குகிறவர்களுக்கு அது இன்றைக்கும் நல்ல யோசனை. தொப்பூர்க் கணவாய் போல, வேகமாக இறங்கும் கனரக லாரிகளால் தொடர்ந்து விபத்து நடக்கும் நெடுஞ்சாலைச் சரிவுகளில் பயிற்சி என்ற பேச்சே கூடாது.

செய்ய வேண்டியவை

அடுத்த பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் 2027இல். தமிழ்நாட்டிலிருந்து போக நினைப்பவர்கள் இப்போதே ஆயத்தமாகி வருகிறார்கள். அவர்களிடமும், நம் ஊர்களில் பிரெவே நடத்தும் தன்னார்வலர்களிடமும் ஒரு வேண்டுகோள். 300, 400 கிலோமீட்டர் பாதைகளில் ஒன்றையாவது நான்குவழிச் சாலையிலிருந்து விலக்கி, தேன்கனிக்கோட்டை, ஜவ்வாது, ஆனைகட்டி போன்ற மேடுபள்ள நிலத்தில் இரவும் பகலுமாக அமையுங்கள். யானைத் தடங்கள் உள்ள பகுதிகளைப் பகலில் கடக்கும்படி நேரத்தை வகுத்தால் போதும். முடிப்பவர் எண்ணிக்கை முதல் ஆண்டு குறையும். ஆனால் சமதளத்தில் எடுத்த சூப்பர் ரேண்டனர் பதக்கத்தோடு பிரான்சுக்குப் போய் நடுவழியில் நிற்பதைவிட, தன் குறையைச் சொந்த ஊரிலேயே தெரிந்துகொள்வது மேல்.

தனியாகப் பழகுகிறவர்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள் ஒரு மேட்டைத் தேர்ந்தெடுங்கள். அதன் நீளம், உயரம், நல்ல கியர் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வாரம் ஒருமுறை ஒரே சீரான உழைப்பில் ஏறி, ஆன நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்துக் கொடைக்கானலுக்குப் போங்கள்.